வண்டி ஹீட் ஆகிறதா? கார் இன்ஜின் சூடேறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டால் போதும், "வண்டி ஹீட் ஆகுது, என்ன பண்றது?" என்ற கேள்வி வராத நாள் இல்லை. சுற்றிச் சுற்றி ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இப்போது ரோட்டோரம் நின்றுகொண்டு படிப்பவர்கள் முதல் மூன்று கேள்விகளைப் படித்தால் போதும். மற்றதை வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. உடனே என்ன செய்வது?

ஏசியை அணையுங்கள், ஓரம் கட்டுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல பங்க் வந்துடும்" என்று ஓட்டிப் போவதில்தான் பெரும்பாலான ஹெட்கள் (இன்ஜின் பிளாக்கின் மேல் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் பகுதி) வளைகின்றன. ஒரு ஹோஸ் கிழிந்ததற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். அதே கிழிந்த ஹோஸோடு ஓட்டினால் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும், அது ஆயிரக்கணக்கில் போகும்.

நிறுத்தவே இடமில்லாத மேம்பாலத்திலோ நெரிசலிலோ மாட்டிக்கொண்டால் ஒரு வழி இருக்கிறது. ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, ப்ளோயரை உச்சத்தில் வைத்து, கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு மெதுவாக நகர்த்துங்கள். டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். மே மாதத்தில் ஹீட்டர் போடுவது கொடுமைதான், ஆனாலும் அந்த ஐந்து நிமிடத்தில் இன்ஜின் தப்பிக்க வாய்ப்பிருக்கிறது.

நிறுத்திய பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு சாவியை மட்டும் ஆன் நிலையில் விட்டுப் பாருங்கள். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் தொடர்ந்து ஓடும், அது நல்லது. பானட் இடுக்கில் ஆவி வந்துகொண்டிருந்தால் அது அடங்கும்வரை பானட்டைத் திறக்க வேண்டாம்.

இன்னொன்று: சிவப்பில் இருந்த முள் திடீரென்று சரசரவென்று கீழே இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் முழுக்கக் காலியாகி, சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டிருந்தாலும் முள் இறங்கும். அப்போதுதான் இன்ஜின் இருப்பதிலேயே மோசமான நிலையில் இருக்கும்.

ரேடியேட்டர் மூடியை எப்போது திறக்கலாம்?

குறைந்தது முக்கால் மணி நேரம் கழித்து. ஓடும் இன்ஜினின் கூலிங் சிஸ்டம் பிரஷர் குக்கர் மாதிரி. மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது எவ்வளவு அழுத்தத்தை அந்த மூடி பிடித்து வைக்கும் என்பதற்கான கணக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 முதல் 121 டிகிரி வரை கொதிக்காது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும், உள்ளே 110 டிகிரியில் இருக்கும் தண்ணீர் அந்த நொடியே கொதித்துப் பொங்கி, ஆவியோடு சேர்ந்து முகத்தில் அடிக்கும். மெக்கானிக்குகளின் முன்கையில் இருக்கும் தழும்புகளில் பாதி இப்படி வந்தவைதான்.

ரேடியேட்டரின் மேல் ஹோஸை ஒரு துணியால் பிடித்து அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி விறைப்பாக இருந்தால் இன்னும் காத்திருங்கள். தளர்வாக அமுங்கினால், மூடியின் மேல் தடித்த துணியைப் போட்டு முதல் திருப்பில் நிறுத்தி, 'உஸ்' சத்தம் முழுக்க அடங்கிய பிறகு கழற்றுங்கள்.

சில கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது, பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் டேங்கின் மூடிதான் அழுத்தத்தைத் தாங்கும். "டேங்க் மூடிதானே" என்று அதைச் சூட்டோடு திறந்தாலும் இதே கதிதான்.

கையில் வாட்டர் பாட்டில் இருக்கிறது. ஊற்றலாமா?

இன்ஜின் ஆறிய பிறகு ஊற்றலாம். கொதித்துக்கொண்டிருக்கும்போது குளிர்ந்த தண்ணீரை உள்ளே ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம். இன்ஜின் மேல் வெளியிலிருந்து தண்ணீரை வீசுவதும் வேண்டாம். ஆறிய பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சும்மா ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஊற்ற ஊற்றக் கீழே கொட்டினால் ஓட்டாதீர்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். கொட்டவில்லை என்றால் ஏசி இல்லாமல், முள்ளின் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைவரை போகலாம்.

வெயில்தானே காரணம்? வேலூரில் 42 டிகிரி அடிக்கிறது, எந்த வண்டிதான் ஹீட் ஆகாது?

நல்ல நிலையில் இருக்கும் எந்த வண்டியும் ஆகாது. ரேடியேட்டரின் வேலை உள்ளே இருக்கும் சுமார் 90 டிகிரி தண்ணீரின் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுப்பது. வெளியே 28 டிகிரி என்றால் இடைவெளி 62, வெளியே 42 என்றால் இடைவெளி 48. ஆக ரேடியேட்டரின் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை வெயில் தின்றுவிடுகிறது. அதையும் கணக்கில் வைத்துத்தான் வண்டியைச் செய்கிறார்கள். ஆனால் ரேடியேட்டர் ஏற்கெனவே பாதி அடைத்துக் கிடந்தாலோ ஃபேன் சோம்பலாகச் சுற்றினாலோ, டிசம்பரில் தெரியாத கோளாறு மே மாதத்தில் வெளியே வரும். வெயிலைக் காரணம் சொல்லி விட்டுவிட்டால் அடுத்த மே மாதம் அது ஹெட் வேலையாகத் திரும்பி வரும்.

மெக்கானிக் ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிக்கொண்டே இருக்கிறார், இன்னும் சரியாகவில்லை. கோளாறு எதில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த பார்ட் போயிருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் எப்போது ஹீட் ஆகிறது என்று கேளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என்று வரிசையாக மாற்றுவது உங்கள் காசில் நடக்கும் யூகம்.

சிக்னலில், டோல்கேட்டில், கோயில் திருவிழா நெரிசலில் நிற்கும்போது முள் ஏறுகிறது, வண்டி நகர ஆரம்பித்ததும் இறங்கிவிடுகிறது என்றால் ஃபேன் பக்கம் பாருங்கள். ஓடும்போது காற்று தானாக அடிக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

நெரிசலில் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பைபாஸில் 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் கொஞ்ச நேரம் போனாலோ மலை ஏறினாலோ சூடாகிறது என்றால் ஃபேனை விட்டுவிடுங்கள். அங்கே தண்ணீர் ஓட்டம் போதவில்லை அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. கீழ் ஹோஸையும் கவனியுங்கள்: ரேடியேட்டர் அடைத்திருந்தால், அல்லது ஹோஸுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்துப் போயிருந்தால், இன்ஜினை முறுக்கும்போது பம்பின் உறிஞ்சலில் அந்த ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்திப் பார்க்கும்போது பழையபடி உருண்டையாக இருக்கும், அதனால் யாருக்கும் தெரியாது. ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க இன்னொருவர் பார்த்தால்தான் பிடிபடும்.

காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்தாறு நிமிடத்திலேயே முள் மேலே போகிறது, மேல் ஹோஸ் சுடுகிறது, கீழ் ஹோஸ் சில்லென்று இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது தண்ணீர் குறைந்திருக்கிறது.

முள் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, ஹீட்டர் போட்டால் ஒரு நிமிடம் சூடாகவும் அடுத்த நிமிடம் சாதாரணமாகவும் காற்று வருகிறது என்றால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி, சில நேரம் அதன் பதில் ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு.

ஃபேன் சரியாக இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

தாராளமாக. இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். அநேகக் கார்களில் சில நொடிகளிலேயே ஃபேன் ஓட வேண்டும். ஏசிக்கு ஓடுகிறது ஆனால் ஏசி இல்லாமல் இன்ஜின் சூடானால் ஓடவில்லை என்றால், மோட்டார் நன்றாக இருக்கிறது, சென்சாரிலோ வயரிங்கிலோ கோளாறு. எதற்கும் ஓடவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே. ரிலேவைச் சோதிக்க எளிய வழி, அதே மாதிரி உள்ள ஹார்ன் ரிலேவை எடுத்து மாற்றிப் போட்டுப் பார்ப்பது. அதற்கும் ஓடவில்லை என்றால் மோட்டாரின் இரண்டு வயர்களையும் நேரடியாக பேட்டரியில் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் மோட்டாரில் கார்பன் தேய்ந்திருக்கும் அல்லது காயில் போயிருக்கும்.

ஃபேன் ஓடுகிறது என்பதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. முன் கிரில்லில் ஒரு தாளைப் பிடியுங்கள். ஃபேன் ஓடும்போது தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் வெளியே பறந்தால், மோட்டார் மாற்றியவர் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. தாள் லேசாக ஆடுகிறது ஆனால் ஒட்டவில்லை என்றால், ஒன்று மோட்டாருக்கு வேகம் இல்லை, இல்லை ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசியின் ரேடியேட்டர் மாதிரி) ரேடியேட்டருக்கும் நடுவில் குப்பை அடைத்திருக்கிறது. இந்த இடுக்கை யாரும் பார்ப்பதே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரியும், இரண்டுக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார்த்தால் செத்த பூச்சியும் பஞ்சும் வைக்கோல் தூசியும் ஒரு மெத்தையாகப் படிந்திருக்கும். கழுவும்போது இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னை நேராக அடித்தால் அலுமினிய இறகுகள் மடங்கி, இருந்த காற்று வழியும் அடைத்துவிடும். தூத்துக்குடி, ராமேஸ்வரம் மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் இந்த இறகுகள் தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும், அதற்கு மருந்து இல்லை, ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும்.

எச்சரிக்கை: மின்சார ஃபேன் இன்ஜின் அணைந்திருந்தாலும் திடீரென்று ஓட ஆரம்பிக்கும். விரலை உள்ளே விடுவதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

பொலிரோ, இன்னோவா மாதிரி வண்டிகளில்?

பெல்ட்டில் ஓடும் பெரிய ஃபேன், நடுவில் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய விஸ்கஸ் கிளச் இருக்கும் வகை என்றால், நன்றாக ஓட்டிச் சூடான வண்டியை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் ஒரு தள்ளு தள்ளுங்கள். இழுத்துப் பிடித்து உடனே நிற்க வேண்டும். காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தால், அல்லது நடுப்பகுதியில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தால், கிளச் போய்விட்டது.

"நம்ம ஊர் சூட்டுக்கு தெர்மோஸ்டாட்டே தேவையில்லை" என்று மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டார். சரியா?

இல்லை. பழைய அம்பாசிடர் காலத்திலிருந்து வரும் பழக்கம் இது, இன்னும் போகமாட்டேன் என்கிறது.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு. விளிம்பில் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும், தண்ணீர் அந்தச் சூட்டை எட்டும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும். இதைக் கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரம் எடுக்கும், அதுவரை கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றும், மைலேஜ் குறையும், எண்ணெயில் ஈரம் தங்கும், இன்ஜின் லைட்டும் எரியலாம். இதெல்லாம் மெதுவாக நடக்கும் சேதம். ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை அடைக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுருக்கு வழியில் இன்ஜினுக்கே திரும்பிவிடும். ஆக, சூடு குறைய வேண்டும் என்று கழற்றியது மலை ஏறும்போது சூட்டை ஏற்றும்.

சந்தேகமா, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். பொறித்திருக்கும் டிகிரியில் திறக்க ஆரம்பித்து, கொதி வருவதற்குள் நன்றாக வாய் பிளக்க வேண்டும். இதற்கு அடுப்படிப் பாத்திரத்தை எடுக்க வேண்டாம், கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) ஒட்டியிருந்தால் அது விஷம். மாட்டும்போது விளிம்பில் ஆடும் குட்டி ஊசி மேல் பக்கம் இருக்கட்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது. ஆனால் கீழே ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே போகிறது?

முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள், விலை குறைந்த பார்ட் அதுதான். அடியில் இருக்கும் ரப்பரை நகத்தால் தடவிப் பாருங்கள்: கழுத்தின் விளிம்பு பதிந்து பள்ளம் விழுந்திருக்கும், சில இடங்களில் வெடித்திருக்கும். நடுவில் ஒரு குட்டி வால்வு இருக்கும், இழுத்துவிட்டால் டக்கென்று திரும்ப வேண்டும். இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீரை மறுபடி உள்ளே விடுவது அந்த வால்வுதான். அது மாட்டிக்கொண்டால் டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டரோ குறைந்திருக்கும், காலையில் பார்த்தால் மேல் ஹோஸ் ஒடுங்கிக் கிடக்கும். "டேங்க்ல ஃபுல்லா இருக்கு சார்" என்பதை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தே பாருங்கள். மாற்றும்போது பழைய மூடியில் இருந்த அதே எண்ணுள்ள மூடியை வாங்குங்கள், அதிக எண் போட்டால் நல்லது என்று நினைத்தால் பழைய ஹோஸும் பிளாஸ்டிக் டேங்கும் வாய் திறக்கும்.

அடுத்து, சூடான இன்ஜின் மேல் விழும் சொட்டு உடனே ஆவியாகிவிடும், தரையில் தெரியாது. அது காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ கறை இருக்கும். ஹோஸ் கிளிப் அடியில், பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியக் கோரும் சேரும் விளிம்பில், வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளையில், பிளாக்கின் துளைகளை மூட அடித்திருக்கும் வெல்ஷ் பிளக் என்ற தகட்டு மூடிகளில் தேடுங்கள். எல்பிஜி போட்ட வண்டி என்றால் கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசருக்குப் போகும் ஹோஸ்களையும் பாருங்கள், அதைச் சூடாக வைக்க இன்ஜின் தண்ணீரைத்தான் கிளை பிரித்து எடுத்திருப்பார்கள். அந்த இணைப்பு கசியும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இடது பக்கக் கால்மிதி நனைந்து, இனிப்பு வாடை வந்து, கண்ணாடி உள்ளே எண்ணெய்ப் பசையாக மங்கினால் ஹீட்டர் கோர். டீசல் வண்டியில் இவை எதுவும் இல்லாமல் தண்ணீர் குறைந்தால் இஜிஆர் கூலரையும் (இன்ஜினுக்கே திரும்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) பட்டியலில் சேருங்கள், அது உள்ளுக்குள் கசிந்தால் தண்ணீர் சைலன்சர் வழியே போய்விடும்.

நல்ல பட்டறையில் பிரஷர் டெஸ்டர் இருக்கும். ரேடியேட்டர் கழுத்தில் மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்குக் கையால் பம்ப் அடித்து, பத்து நிமிடம் முள்ளைப் பார்த்தால் போதும். அழுத்தம் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் தண்ணீர் இன்ஜினுக்குள்தான் போகிறது.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

கழற்றுவதற்கு முன்னால் உறுதி செய்யுங்கள், ஏனென்றால் இது பெரிய வேலை. ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில், காலையில் மூடியைத் திறந்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, மூடாமலேயே ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் ஒன்றிரண்டு குமிழி வருவது சாதாரணம். இன்ஜின் சூடாவதற்கு முன்பே குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தால், ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க அதிகமானால், சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் வருகிறது. மூடி போட்டுச் சோதித்தால், ஸ்டார்ட் செய்த இரண்டு மூன்று நிமிடத்திலேயே, ஹோஸ் சுடாமலேயே விறைத்துவிடும். இது நல்ல அடையாளம்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் நீல நிறத் திரவம் உள்ள ஒரு சோதனைக் குழாய் கிடைக்கிறது. ரேடியேட்டர் கழுத்தில் வைத்து அங்கிருக்கும் காற்றை உறிஞ்சினால், புகை வாயு இருந்தால் பெட்ரோல் வண்டிகளில் நீலம் மஞ்சளாகும்.

சைலன்சரில் இனிப்பு வாடையோடு நிற்காத வெள்ளைப் புகை, டிப்ஸ்டிக்கில் எண்ணெய் வெளிறி நுரைத்திருப்பது இரண்டும் முற்றிய நிலை. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளைப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம், மழைக்காலத்தில் பக்கத்துக் கடைவரை மட்டும் ஓட்டும் வண்டிகளில் அது ஈரத்தால் வருவது. எண்ணெய் நுரைத்திருந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள், தண்ணீர் கலந்த எண்ணெயில் பேரிங்குகள் தாங்காது.

ஹெட் கழற்ற முடிவாகிவிட்டது. நான் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடினால் சில மாதங்களில் திரும்பவும் வருவீர்கள். ஹெட்டைத் துடைத்து, மேலே நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். பல சின்ன பெட்ரோல் இன்ஜின்களில் அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீட்டர்தான், தலைமுடியைவிட மெல்லியது. அதைத் தாண்டினால் லேத் பட்டறைக்கு அனுப்பி ஃபேஸிங் செய்ய (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்க) வேண்டும், அதற்கும் ஒரு எல்லை உண்டு. விரிசல் சோதனையும் அங்கேயே செய்துவிடலாம். முறுக்கும்போதே கொஞ்சம் நீண்டுவிடும் இழுவை வகை போல்ட்கள் என்றால் புதிதாகத்தான் போட வேண்டும், பழையதைத் திரும்பப் போடக் கூடாது. முறுக்குவது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, டார்க் ரெஞ்ச் வைத்து. "கை அனுபவம் சார்" என்று யாராவது சொன்னால் ரெஞ்ச் வரும்வரை காத்திருங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகும், முதலில் ஏன் ஹீட் ஆனது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. ஃபேன் ஓடாததால் ஹெட் போயிருந்தால், புது ஹெட்டும் போகும்.

போர் தண்ணீர் ஊற்றினால் என்ன? அப்பா காலத்தில் எல்லாரும் அதைத்தானே ஊற்றினார்கள்?

அப்போதைய ரேடியேட்டர் பித்தளை, செம்பு. அடைத்தால் பட்டறையில் டேங்கைப் பிரித்து, குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்தி, ஈயம் வைத்து மூடிக் கொடுப்பார்கள். இப்போது அலுமினியமும் பிளாஸ்டிக்கும், குழாய்கள் மெல்லியவை. உப்புத் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்தால் குத்தி எடுக்க வழியில்லை, துரு வாட்டர் பம்பின் இறக்கைகளையும் அரித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பம்ப் நன்றாகச் சுற்றும், உள்ளே தண்ணீரைத் தள்ள இறக்கையே இருக்காது.

நம் ஊரில் தண்ணீர் உறையும் கவலை இல்லை, உண்மைதான். கூலன்ட் இங்கே தேவைப்படுவது துருப்பிடிக்காமல் இருக்கவும் கொதிநிலை ஏறவும். கலந்தே விற்பதை வாங்கினால் அப்படியே ஊற்றலாம். கான்சென்ட்ரேட் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்பது தவறு, தனிக் கூலன்ட் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது.

நிறம் வெறும் சாயம். பச்சை எல்லாம் ஒன்றல்ல, சிவப்பு எல்லாம் ஒன்றல்ல. உங்கள் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் வகையைப் பாருங்கள். வகை தெரியாமல் கலந்தால் சில நேரம் கொழகொழவென்று கட்டியாகிவிடும்.

ரேடியேட்டர் லீக்குக்கு மஞ்சள் தூள் போடலாமா?

லாரிக்காரர்களின் பழைய கைவைத்தியம். நடுக்காட்டில் வேறு வழியே இல்லை என்றால் சரி. சிறு ஓட்டையை அடைக்கும் எதுவும் ஹீட்டர் கோரின் சிறு குழாயையும் அடைக்கும், கடையில் விற்கும் ஸ்டாப் லீக்குக்கும் இதேதான். ஊர் வந்ததும் எல்லாவற்றையும் கழுவி ஊற்றிவிட்டு ஓட்டையைச் சரிசெய்யுங்கள்.

கூலன்ட் மாற்றிய மறுநாளே ஹீட் ஆகிறது. ஏன்?

ஏர் லாக், அதாவது தண்ணீர் போகும் வழியில் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், நிரப்புங்கள். ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை பொறுத்து, பிறகு மூடுங்கள். காற்றை வெளியேற்றும் ப்ளீடர் திருகு இருக்கும் வண்டி என்றால் குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை அதைத் திறந்து வையுங்கள். மறுநாள் காலை ஆறியிருக்கும்போது இன்னொரு முறை மட்டம் பாருங்கள்.

கொல்லிமலை, வால்பாறை போகிறோம். எப்படி ஓட்டுவது?

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. இரண்டிலும் வேகம் குறைவு, காற்று குறைவு, இன்ஜினுக்குச் சுமை அதிகம். மூன்றாவது கியரில் முக்கி முக்கி ஏற்றாமல் இரண்டாவதில் இன்ஜினைக் கொஞ்சம் சுற்றவிடுங்கள், இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்பும் வேகமாகத் தள்ளும். சின்ன இன்ஜின், ஐந்து பேர், மேலே லக்கேஜ் என்றால் ஏற்றத்தில் ஏசி வேண்டாம். உச்சிக்குப் போனதும் உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

இன்னொரு கணக்கு: ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். மூடியின் ரப்பர் சரியில்லாத வண்டி கீழே கோவையில் ஒழுங்காக ஓடி, மேலே கொதிப்பது இதனால்தான்.

என் காரில் முள்ளே இல்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

பல சின்னக் கார்களில் இப்போது ஒரு விளக்கு மட்டும்தான். நீலமாக எரிந்தால் இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது, பிரச்சினை இல்லை. சிவப்பு எரியும்போது ஏற்கெனவே தாமதம். ஸ்டியரிங் அடியில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனரை மாட்டும் இடம்) ஒரு சின்ன புளூடூத் கருவியைச் செருகினால் தண்ணீரின் சூடு டிகிரியில் போனில் தெரியும். சாதாரணமாக 85 முதல் 100க்குள் ஏறி இறங்கும். உங்கள் வண்டியின் வழக்கமான எண் எது என்று நல்ல நாளில் பார்த்து வையுங்கள், அதிலிருந்து பத்து டிகிரி கூடினாலே கவனிக்கலாம்.

கார் அடியில் தண்ணீர் சொட்டுகிறது. கூலன்டா?

இடது பக்கம், நிறமில்லாமல், வாடையில்லாமல், ஏசி போட்ட பிறகு என்றால் அது ஏசி தண்ணீர். தொட்டால் வழவழப்பு, நிறம், இனிப்பு வாடை இருந்தால் கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். அந்த இனிப்புக்காகத் தெரு நாய்கள் நக்கிக் குடித்துச் செத்துப்போகும், அதனால் கொட்டியதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் மணல் போட்டு அள்ளுங்கள்.

எல்லாம் மாற்றியாகிவிட்டது. இன்னும் லேசாக ஹீட் ஆகிறது.

சக்கரங்களைத் தொட்டுப் பாருங்கள். பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடினால் ஒரு சக்கரம் மட்டும் கையை வைக்க முடியாமல் சுடும், இன்ஜின் அந்தச் சுமையையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கும். கிளச் வழுக்குவது, சைலன்சரில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருப்பது, எண்ணெய் குறைந்திருப்பது எல்லாமே சூடேற்றும். மீட்டரே பொய் சொல்லலாம், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காட்டிச் சரிபாருங்கள். அதே தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முழுக்க மேய விட்டால், நடுவில் எங்காவது திட்டாகக் குளிர்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அங்கே குழாய் அடைத்திருக்கிறது.

பழைய கார் வாங்கப் போகிறேன். ஹீட் ஆன வண்டி என்று எப்படித் தெரியும்?

காலையில், ஸ்டார்ட் செய்யாத நிலையில் போய்ப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள்: துருத் தண்ணீரா, வெறும் தண்ணீரா, எண்ணெய் மிதக்கிறதா? ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் புதிதாகச் சிவப்பு சீலண்ட் பிதுங்கியிருக்கிறதா? ஹெட் போல்ட் தலைகளில் ஸ்பேனர் போட்ட பளபளப்பு இருக்கிறதா? அப்புறம் ஏசியோடு அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு ஃபேன் ஓடி நிற்பதைக் கேளுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து இன்ஜின் சுடச்சுட இருந்தால், நாளைக்குக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.